கைப்பிரதியில் இருப்பது புரிய வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படுகிற கிறிஸ்தவக் கைப்பிரதிகளைப் பற்றி உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். படித்துப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு எதற்கு அச்சடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். நான் முப்பது வருடமாகக் கைப்பிரதி கொடுத்து வருகிறவன். எங்கள் சபையில் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கு ஞாயிறு மதியம் வகுப்பும் எடுக்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு எங்களில் யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். போன வருடம் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) சட்டை வாங்கப் போனபோது, நான் கொடுத்திருந்த கைப்பிரதியை எடுத்துக் காட்டி, "சார், தப்பா நினைக்கக் கூடாது. இரத்தத்தால் கழுவப்பட்டீர்களான்னு போட்டிருக்கு. துணியில ரத்தம் பட்டா உடனே பச்சைத் தண்ணியில அலசணும். பெட்டிச் சூடு பட்டுச்சுன்னா அவ்வளவுதான், கறை நின்னுரும். ரத்தத்தாலயே எப்படி சார் கழுவுறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கறையோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அவருக்கு அது நிஜமான சந்தேகம். சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தைகளைப் பாட்டாகப் பாடி வந்த எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை.

இரத்தம் என்று வேதாகமம் சொல்லும் இடத்தில் உயிர் என்று வைத்துப் படியுங்கள் என்றேன். ஒருவர் தன் உயிரைக் கொடுத்தார், அதனால் என் குற்றம் என் மேல் இல்லாமல் போனது, அதைத்தான் கழுவப்பட்டது என்கிறோம். கோயில் கொடையில் கிடா வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர், பலி என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே மனிதன் சாமிக்குக் கொடுக்கிறான். இங்கே கடவுள் மனிதனாக வந்து, மனிதனுக்காகத் தன்னையே கொடுத்தார் என்று சொன்னபோது, "அவரு எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டார் பாருங்கள், நற்செய்தி தொடங்குகிற இடமே அந்தக் கேள்விதான்.

எங்களுக்குள் பேசிப் பேசிப் பழகிய சொற்கள் வெளியே இருப்பவர் காதில் எப்படி விழுகின்றன என்று நாங்கள் யோசிப்பதே இல்லை. 'பாவம்' என்றால் ஊரில் இரக்கப்படுகிற சொல், 'ஐயோ பாவம்' என்கிறோம். 'பாவி' என்றால் வசவு. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நீங்கள் பாவி என்றால் அவர் வேறெப்படி எடுத்துக்கொள்வார்? வேதாகமம் சொல்ல வருவது, நம்மைப் படைத்தவரை விட்டு விலகி, எனக்கு நானே ராஜா என்று வாழ்வதை. பொய்யும் திருட்டும் வன்மமும் அதிலிருந்து முளைப்பவை. அந்த வாழ்க்கை நல்லவர் என்று பெயர் வாங்கியவரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருந்தது என்று முதலில் நம்மைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் முகம் சுளிக்க மாட்டார். அப்புறம் 'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்கிறோம். அடுத்த ஜென்மத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார், நினைக்காவிட்டால்தான் ஆச்சரியம். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமு என்ற படித்த மனிதரே, வயதானவன் மறுபடி தாயின் வயிற்றுக்குள் போக முடியுமா என்று கேட்டார். இந்த வாழ்க்கையிலேயே கடவுள் தருகிற புதுத் தொடக்கம் அது என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது.

'இரட்சிப்பு' என்ற சொல்லை யாரும் கடையில், வீட்டில் பேசுவதில்லை. 'மீட்பு' என்றால் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் நகையை மீட்காத வீடு நம் ஊரில் குறைவு. தேய்ப்புக்காரரிடம் நான் அதைத்தான் சொன்னேன். மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது, வட்டி ஏறி ஏறி நம்மால் திருப்ப முடியாத அளவுக்குப் போய்விட்டது, ஏலம் போகப்போகிற நேரத்தில் வேறொருவர் முழுப் பணத்தையும் கட்டிச் சங்கிலியைக் கொண்டுவந்து கையில் தருகிறார். அநேகரை மீட்கும்பொருளாகத் என் ஜீவனைக் கொடுக்க வந்தேன் என்று மாற்கு 10:45இல் இயேசுவே சொல்கிறார். தேய்ப்புக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அடகுக் கடைக்காரர் யாரு சார்?" என்றார். நல்ல கேள்வி. விலை கொடுக்கப்பட்டது என்று வேதாகமம் சொல்கிறது, யாரிடம் கட்டப்பட்டது என்று ரசீது காட்டவில்லை, உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஒருவரை ஜெயிப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

நற்செய்தி என்ற பெயரிலேயே செய்தி இருக்கிறது. பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இது நன்றாகத் தெரியும், செய்தி என்றால் நடந்த ஒன்று. இப்படி வாழு, அப்படி வாழாதே என்பது புத்திமதி. ஆதி சபைகளுக்குப் போதித்த அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் நற்செய்தி என்னவென்று நேராக எழுதிவிட்டார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாளில் உயிரோடு எழுந்தார், பலருக்குக் காணப்பட்டார். ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார், அதாவது போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிறார். ஆராதனையில் நாங்கள் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் பெயர் இருப்பதும் அதனால்தான். ஆட்சிக்காலம் தெரிந்த ஒரு மனிதரின் நாட்களில் நடந்தது இது என்று வாராவாரம் சொல்கிறோம். நம்புவதும் நம்பாததும் கேட்பவர் இஷ்டம், ஆனால் எதை நம்பச் சொல்கிறோம் என்பதாவது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அதைவிட்டு, 'இயேசுவிடம் வாருங்கள், கடன் தீரும், வியாதி போகும்' என்று சொல்வது எனக்கு மனவேதனை தருகிறது. என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். அம்மாவுக்குப் புற்றுநோய். விசுவாசித்தால் கட்டாயம் சுகமாவார்கள் என்று யாரோ உறுதி சொல்லித்தான் அவன் ஜெபக் கூட்டத்துக்கே வந்திருக்கிறான். அம்மா இறந்துவிட்டார்கள். உனக்கு விசுவாசம் போதவில்லை என்று அவனிடமே சொன்னார்களாம். தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது? நான் ஜெபத்தை நம்புகிறவன், சுகம் கேட்டு ஜெபிக்கிறவன். ஆனால் பவுலே தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் கேட்டார், 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில்தான் வந்தது. உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று இயேசு சீடரிடம் மறைக்காமல் சொன்னார். அதை முதல் நாளே அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதம் அவன் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது அவனே சில வாரம் வருகிறான், சில வாரம் வருவதில்லை.

இன்னொன்று, புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே பொட்டை எடு, பூவை எடு, பெயரை மாற்று என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் ஆதி சபையின் தலைவர்கள் எருசலேமில் கூடிப் பேசியது கிட்டத்தட்ட இதே பிரச்சினையைத்தான். யூதரல்லாதவர்கள் யூதர்களின் சடங்கான விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் இரட்சிப்பா என்று கேட்டார்கள், தேவையில்லை என்று முடிவானது. கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கிடைப்பது. புண்ணியக் கணக்கை ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு மாற்றி எழுதுகிற வேலை இல்லை அது. அன்பு செலுத்துவதும் மன்னிப்பதும் நேர்மையும் பின்னால் கட்டாயம் வரும், வர வேண்டும், ஆனால் சம்பளமாக இல்லை, நன்றியாக.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதித் தமிழ் கற்றார். 1715க்குள் வேதாகமத்தின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் நம் பேச்சைக் கற்க அந்தப் பாடுபட்டிருக்கிறார். இங்கேயே பிறந்த நாம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி பேசக்கூட முயற்சி எடுக்கவில்லை என்றால் அது சரியில்லை.

தேய்ப்புக்காரருக்கு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தை மட்டும் தனிப் புத்தகமாகக் கொடுத்தேன். அவர் சபைக்கு வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. போன வாரம் துணி வாங்கப் போனேன். 15ஆம் அதிகாரம் வரை வந்திருந்தார், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த ஊதாரிப் பிள்ளையை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட கதை. சின்னவனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்கு விருந்தா என்று கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற மூத்தவனை அப்பா வெளியே வந்து கெஞ்சினாரே, அவன் கடைசியில் உள்ளே போனானா என்று கேட்டார். அதை இயேசு சொல்லவில்லை என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
பாளையங்கோட்டை