பினோய் என்றால் யார்?

அன்புள்ள முருகேசா,

நலம். உன் கடிதத்தை சிங்கப்பூரில் ஏஜென்ட் கொண்டுவந்து கொடுத்தார். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததைப் படித்ததும் மனம் நிறைந்துபோனது. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நாம் இருவரும் நின்றது நேற்று மாதிரி இருக்கிறது.

போன கடிதத்தில் நான் ‘எங்கள் பினோய் பையன்கள்’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, அது சாதிப் பெயரா, வசைச் சொல்லா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களையே செல்லமாக அழைத்துக்கொள்ளும் பெயர். ஆணுக்கு பினோய், பெண்ணுக்கு பினாய்.

எங்கள் கப்பலின் இன்ஜின் ரூமில் ஆயிலராக (இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுபவர்) இருக்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெரியவர்தான் இதை எனக்கு விளக்கினார். நாம் சுப்பிரமணியனை சுப்பு ஆக்கும்போது பெயரின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுகிறோம். அவர்கள் பல பெயர்களில் வாலை வைத்துக்கொள்வார்கள். மணிலா விமான நிலையத்தில் 1983இல் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர் பெனிக்னோ அக்கினோ, மக்களுக்கு நினோய். அதே போல ‘பிலிப்பினோ’வில் கடைசியில் வரும் ‘பினோ’வை எடுத்து, செல்லத்துக்கு ஒரு ‘ய்’ சேர்த்தால் பினோய். நினோயின் மகன் நோய்நோய் 2010இல் அதிபரானபோது, பிரசிடென்ட்டின் முதல் எழுத்தைச் சேர்த்து ‘பி-நோய்’ என்றார்கள். காதில் விழுவது பினோய்தான்!

ஆனால் முருகேசா, என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது வேறொன்று. இந்தச் சொல் பரவியது அமெரிக்காவில் கூலி வேலை பார்த்தவர்கள் வாயில். 1898 முதல் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்ததால் அந்த இளைஞர்கள் தடையில்லாமல் அங்கே போக முடிந்தது. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் பக்கம் ஆஸ்பரகஸ் வெட்டினார்கள் (நம்மூர் தண்ணீர்விட்டான் கொடியின் இனம்தான் அது). கோடையில் அலாஸ்காவுக்குப் போய் சால்மன் மீனை டப்பாவில் அடைத்தார்கள். ஊரில் இருப்பவனிடமிருந்து தங்களைப் பிரித்துச் சொல்ல, ஒருவரையொருவர் பினோய் என்றார்கள். 1920களிலேயே அது அங்கே அச்சில் வந்துவிட்டது.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ‘பிலிப்பினோக்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஸ்டாக்டன் ஓட்டல் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். 1930 ஜனவரியில் அதே கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல் நாள்கணக்கில் இவர்களை வேட்டையாடியது. ஃபெர்மின் டோபெரா என்ற இருபத்திரண்டு வயதுப் பண்ணைத் தொழிலாளி, தங்கியிருந்த கொட்டகையிலேயே குண்டடிபட்டு இறந்தான். 1933இல் வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யவும் சட்டத்தால் தடை போட்டார்கள். சொந்த ஊர்ப் பெண்களோ அங்கே மிகக் குறைவு. அடுத்த வருடம், ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் குடியேறக் கூடாது என்று கதவையும் சாத்திவிட்டார்கள். ஒரு நாட்டுக்கு மொத்தமே ஐம்பது பேர்! தனிக்கட்டையாகவே கிழவரான அவர்களை அடுத்த தலைமுறை ‘மனோங்’ என்றது. பிலிப்பைன்ஸின் இலோக்கானோ மொழியில் அண்ணன் என்று பொருள். 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்களும் இந்த அண்ணன்மார்தான். எங்கள் ஆயிலரின் பெரிய தாத்தா அப்படிப் போய்த் திரும்பாதவராம். இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பம்பையே துடைத்துக்கொண்டிருந்தார்.

‘பிலிப்பினோ’ என்பதே ஸ்பெயின் மன்னன் பிலிப்பின் பெயரிலிருந்து வந்தது. ஸ்பெயின் ஆட்சியில் அந்தப் பெயர், அங்கே பிறந்த ஸ்பானியர்களுக்குத்தான். மண்ணின் மக்களை ‘இந்தியோ’ என்றார்கள். அவர்களின் முக்கிய மொழியான தகாலோக்கில் பழைய காலத்தில் ‘ஃப’ ஒலி கிடையாது. நாம் ஃபேனை பேன் என்பது போல அவர்களும் ‘ஃபிலிப்பினோ’வை ‘பிலிப்பினோ’ என்றே பகரம் போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அரசன் பெயரில் வந்ததை நறுக்கி, தங்கள் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 1970களில் ‘பினோய் ராக்’ என்று பாட்டுக்கே பெயர் வைத்த பிறகு, ஊரிலும் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

வெளியாள் சொன்னால் கோபம் வருமா என்று ஆயிலரிடம் கேட்டேன். “சொல்கிற குரலைப் பொறுத்தது” என்றார். முதல் வருடம் நான் அவர்களை “ஏய் பிலிப்பினோ” என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டவன். அதற்காக அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவரை ‘குயா’ என்றே அழைக்கிறேன். தகாலோக்கில் அதுவும் அண்ணன்தான்.

சரி, ஒரு உதவி. ஆவணியில் இறங்கி ஊருக்கு வருகிறேன். அதற்குள் நல்ல நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வாங்கிக் காயவைத்து வை. அவர்கள் ஊரில் அதை ‘டிலிஸ்’ என்பார்களாம். அடுத்த முறை கப்பல் ஏறும்போது குயாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்புடன்,
செல்வம்