தீவுக்குப் போ, படகு நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போ

பாப்பாவுக்கு,

மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து துலுஸ்தூ தீவுக்கு நீ போய்வந்த படங்களைத் தம்பி காட்டினான். அவன் மேல் கோபப்படாதே, நான்தான் போனை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அம்மாவுக்கும் அத்தைமாருக்கும் மட்டும் தெரியாதபடி உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நீ மறைத்து வைத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்கமாட்டேன், காரணம் எனக்கே தெரியும். "மாலேக்குப் பாடம் நடத்தப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா" என்று யாராவது கல்யாண வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், உங்கம்மா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டாள். சொந்தக்காரர்களிடம் மறைத்துக்கொள், அது உன் இஷ்டம். எங்களிடம் மறைக்க வேண்டாம். போனில் இதைப் பேசினால் அம்மா நடுவில் புகுந்து பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போ. வெள்ளி சனி வந்தால் கிளம்பிப் போ. ஞாயிறு முதல் வியாழன் வரை வகுப்பு, நோட்டுத் திருத்தல், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, அதுக்கப்புறம் நாலு பேர் பங்கு போட்டிருக்கும் அந்தச் சின்ன அறை. மாலே ஊர் எனக்குத் தெரியாததா? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம், அதற்குள் அத்தனை ஜனம், அத்தனை ஸ்கூட்டர், வீட்டின் மேல் வீடு. வாரம் முழுவதும் அங்கேயே கிடந்துவிட்டு விடுமுறைக்கும் அறையிலேயே படுத்துக் கிடந்தால் மனசு என்னத்துக்கு ஆகும்? கல்விக் கடன் தவணையை நீ மாதம் தவறாமல் கட்டுகிறாய். மிச்சப் பணத்தில் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு ராத்திரி விடுதி அறை எடுப்பதற்கு யாரிடமும் நீ கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணி ஓட்டிய காலத்தில், அந்த நாட்டில் நான் பார்த்தது மாலே ஊர், அதன் துறைமுகம், மீன் மார்க்கெட் மட்டும்தான். மூன்று நான்கு நாள் ஓட்டம், போய்ச் சேர்ந்தால் சரக்கு இறக்க வரிசை, இறக்கி முடித்தால் திரும்பும் அவசரம். மார்க்கெட்டில் சூரை மீனை அவர்கள் அறுக்கிற வேகத்தைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம், கத்தி நாலு தடவை போவதற்குள் முள் தனியாக, சதை தனியாக வந்துவிடும். தீவுகளைத் தூரத்தில் பச்சைத் திட்டாகத்தான் பார்த்திருக்கிறேன். தோணிக்காரனுக்குத் தீவு என்றால் பக்கத்தில் பவளப்பாறைப் பார் இருக்கிறது, ஒதுங்கிப் போ என்று அர்த்தம். தண்ணீர் நிறம் மாறினாலே தோணியை நடத்தும் எங்கள் தண்டல் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார். நாங்கள் பயந்து பயந்து விலகிப்போன அந்த வெளிர்நீலத் தண்ணீரில் என் மகள் முட்டளவுக்கு நின்றுகொண்டு சிரிக்கிறாள் என்றால், அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வருமா, கோபம் வருமா? நீயே சொல்.

ஆனால் தோணியில் இருந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்லாமல் விடமாட்டேன். கடல் உனக்குப் பழக்கம் என்று நினைத்துவிடாதே. நம் தெருவில் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எத்தனை பொம்பளைப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்? பையன்கள் எல்லாம் பாலத்திலிருந்து குதிப்பார்கள், பிள்ளைகள் கரையில் செருப்பைக் காவல் காப்பார்கள். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். இப்போது உன்னோடு வேலை பார்க்கும் அட்டுத் தீவுக்காரப் பிள்ளை வில்லிமாலேயில் உனக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள் என்று தம்பி சொன்னான். அந்தப் பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். முழுசாகக் கற்றுக்கொள், பாதியில் விட்டுவிடாதே. மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதை முதலில் பழகு.

அப்புறம் சுடிதாரோடு தண்ணீரில் இறங்காதே. படத்தில் பார்த்தேன். துணி தண்ணீரைக் குடித்தால் காலை இழுக்கும், துப்பட்டா கழுத்தில் சுற்றும். அங்கே ஊர்க்காரப் பெண்கள் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போடுகிறார்களே, அதில் ஒன்று வாங்கிக்கொள். ஊர் ஜனங்கள் வாழும் தீவில் உடம்பை மூடிக் குளிப்பதுதான் அவர்கள் முறை, வெள்ளைக்காரர்களுக்குத் தனியாகத் தடுப்பு போட்ட கடற்கரை இருக்கும். நீ டீச்சர், உன் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மா எதிரில் வருவார்கள். மரியாதைக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு. அந்த வெயில் வெள்ளை மணலில் பட்டுத் திருப்பி அடிக்கும், மேகமூட்டமாக இருந்தாலும் தோல் உரியும்.

தண்ணீரைப் பற்றி. தீவைச் சுற்றி வெளிர்நீலமாக இருக்கிற இடம் ஆழமில்லாதது. அது சட்டென்று கருநீலமாக மாறுகிற கோடுதான் பாரின் விளிம்பு, அதற்கப்பால் கீழே சுவர் மாதிரி இறங்கும். அந்தக் கோட்டைத் தனியாகத் தாண்டாதே. இரண்டு தீவுக்கு நடுவில் இருக்கும் வாய்க்காலிலும், படகு வந்துபோக பாரை வெட்டி வைத்திருக்கும் வாயிலிலும் நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடும். மேலே பார்த்தால் குளம் போலச் சாதுவாக இருக்கும், உள்ளே ஆளை இழுத்துக்கொண்டு போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, யாராலும் முடியாது, தோணிக்கே முடியாது. மிதந்துகொண்டே பக்கவாட்டில் விலகு, கையை ஆட்டு, கத்து. கண்ணாடி மாட்டி மீன் பார்க்கும்போது எல்லாரும் கீழேயே பார்த்துக்கொண்டு கரையை மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி தலையைத் தூக்கிக் கரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பார். பவளத்தின் மேல் மிதிக்காதே, கால் கிழியும், அதுவும் செத்துப்போகும். 1998லும் 2016லும் தண்ணீர் சூடாகி அங்கே எவ்வளவு பவளம் வெளுத்துப்போனது என்று உன் பிள்ளைகளுக்கு நீயே பாடம் எடுத்திருப்பாய்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரிப் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அலை கொண்டுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள், சேர்ந்து கடல் பார்க்கப் போனவர்கள். உன் வயதுதான். அன்று புயல் இல்லை, மழை இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் எழும்பிய அலை, கள்ளக்கடல் என்று சொல்வோமே, அதுதான். மாலேயிலும் 1987 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது, உள்ளூரில் புயலே கிடையாது, எங்கோ தெற்கே கிளம்பிய அலை ஊருக்குள் புகுந்து துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் அடித்துப்போட்டது. அதற்கப்புறம்தான் ஜப்பான்காரர்கள் உதவியில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். நீ மாலையில் நடக்கப் போகும்போது பார்க்கிற அந்த நாலு கால் கான்கிரீட் கட்டைகள் அந்தக் கதைதான். 2004 சுனாமியில் அந்த நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனபோது, மாலே ஓரளவு தப்பித்ததற்கு அந்த மதிலும் ஒரு காரணம் என்கிறார்கள். நீ போகிற சின்னத் தீவுகளில் எல்லாம் அப்படி மதில் இருக்காது. வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதே, கிளம்பும் முன் அந்த நாட்டு வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கையைப் பார்த்துவிடு. மஞ்சள், ஆரஞ்சு என்று போட்டிருந்தால் அந்த வாரம் போக வேண்டாம். கட்டின முன்பணம் போனால் போகட்டும்.

இப்போது மார்ச் கடைசி. இன்னும் கொஞ்ச நாளைக்கு வாடைக்காற்றுக் காலம், கடல் சொன்னபடி கேட்கும். ஏப்ரல் இரண்டாவது வாரம் வாக்கில் அவர்கள் கணக்கில் அஸ்ஸிதா பிறக்கும், நம் அசுவினிதான். நம்மைப் போலவே அவர்களும் 27 நட்சத்திரத்தைப் பதிமூன்று பதினாலு நாளுக்கு ஒன்றாக அடுக்கித்தான் காற்றையும் மீனையும் பார்ப்பார்கள், துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இப்போது என்ன நட்சத்திரம், கடல் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். அஸ்ஸிதாவிலிருந்து மேற்குப் பக்கக் காற்றான கச்சான் தலைகாட்ட ஆரம்பிக்கும், போகப் போகப் பலக்கும். மே, ஜூனில் நம் தோணிகளையே கரையில் கட்டிவிடுவோம். அந்த மாதங்களில் வில்லிமாலே, ஹுல்ஹுமாலே மாதிரி பக்கத்து இடங்களோடு நிறுத்திக்கொள். ஹுல்ஹுமாலேக்குத்தான் 2018லேயே பாலம் வந்துவிட்டதே, பஸ்ஸில் போய்விட்டு வரலாம்.

விரைவுப் படகில் ஏறினால் முன்பக்க அணியத்தில் உட்காராதே. படம் எடுக்க நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் எல்லாம் முன்னால் ஓடும், அலையில் ஏறி இறங்கும்போது முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. பின்பக்கம் உட்கார், லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காமல் மாட்டிக்கொள். அவசரம் இல்லாத நாளில் குல்ஹி, மாஃபுஷி தீவுகளுக்குப் போகிற மெதுவான ஊர்ப் படகிலேயே போயேன், நேரம் ஆகும், ஆனால் மீன்காரர், சாமான் மூட்டை, பள்ளிப்பிள்ளை என்று ஊரோடு போகலாம், காசும் குறைவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்பது உனக்கே தெரியும், அதற்கேற்ப வியாழன் சாயங்காலமே கிளம்புவது நல்லது.

மணல்திட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, ரெண்டு மூணு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று படகுக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அங்கே ஒரு மரம் இருக்காது, குடிக்கத் தண்ணீர் இருக்காது, காற்று மாறினால் திட்டே இடம் மாறும். படகு அங்கேயே நிற்க வேண்டும் என்று பேசி, கூடக் கேட்டால் கூடக் கொடு. உன் கூட வருகிற கொல்லத்துப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் இதையெல்லாம் படித்துக் காட்டு. அவர்கள் வீட்டிலும் ஒரு அப்பா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஒருத்தி தண்ணீரில் இருந்தால் ஒருத்தி கரையில் இருக்க வேண்டும், இதை உங்களுக்குள் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் அந்த மாஸ் ஹுனி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், சூரை எல்லாம் பிசைந்து ரொட்டியோடு வைத்திருக்கிறார்கள், நம் மாசிச் சம்பல் மாதிரிதானே என்றாள். படத்தில் நீ கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய் என்பதில் அவளுக்கு நிம்மதி. அத்தைமாரை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் பிள்ளை தலை நிமிர்ந்து சம்பாதிக்கிறாள், விடுமுறைக்கு நாலு இடம் பார்க்கிறாள், உங்களுக்கு என்ன என்று கேட்கத் தெரியாதவனா நான்?

இந்த வியாழன் ஃபுலிதூ போவதாகத் தம்பி சொன்னான். திருக்கைகள் கரை ஓரத்துக்கே வரும் ஊராமே, அவற்றின் வாலை மிதிக்காதபடி காலைத் தரையில் தேய்த்தே நட. படகின் பெயர், கிளம்பும் நேரம், தங்குகிற விடுதியின் நம்பர், திரும்பும் நேரம், இந்த நாலையும் எனக்கு அனுப்பு. இறங்கியதும் "சேர்ந்தாச்சு" என்று ஒரு வார்த்தை. வேறு எதுவும் கேட்கமாட்டேன், நடுவில் போன் அடித்துத் தொந்தரவும் செய்யமாட்டேன். படங்களை மட்டும் எங்களுக்கும் தெரிகிற மாதிரி போடு.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் காகிதம் எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். மாலத்தீவுக்கு நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கும்போதே கொடுத்துவிடுவார்கள் என்பதால் அந்த அலைச்சல் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, கடலும் அமைதி, அப்போது ரெண்டு பேரும் வருகிறோம். மாஃபுஷியில் கூட்டம் அதிகம் என்கிறார்கள், குல்ஹியில் அறை எடு. அங்கே படகு கட்டுகிற பட்டறை இருக்கிறதாம், ஒரு நாள் முழுக்க நான் அங்கேதான் இருப்பேன், நீ அம்மாவைத் தண்ணீரில் இறக்கு.

அன்புடன்,
அப்பா