அலையோடு மணலையும் படி, மச்சான்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் கட்டட வேலைக்கு நடுவிலும் கடல் பொறியியலில் முதுமாணி படிக்க யோசிக்கிறாய் என்று வாசித்ததும் பெரிய சந்தோசம். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். சென்னைக்குத் திரும்ப முன் ஆறுதலாக எழுதுகிறேன்.

சுனாமிதான் உன்னை இந்தப் பக்கம் இழுக்கிறது என்கிறாய். என்னையும் அதுதான் இழுத்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியைப் பார்த்தவர்கள் நாம். அந்த அலையின் வேகத்துக்கான கணக்கு மிகச் சின்னது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அன்று நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணித்தியாலத்தின் பின் ஜேசன்-1 செய்மதி இந்து சமுத்திரத்துக்கு மேலால் போகும்போது அளந்த உயரம் வெறும் 60 சென்டிமீட்டர் அளவுதான். ஆழ்கடலில் தோணியில் இருந்தவனுக்கு அது தெரிந்தே இருக்காது. வகுப்பில் இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஆனாலும் உன்னை நான் மணல் பக்கம் இழுக்கத்தான் பார்க்கிறேன். நீ கல்முனைக்குப் போகும்போதெல்லாம் தாண்டிப்போகிற ஒலுவிலையே எடு. நம் கரையில் வருசம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது; கரைக்குச் சாய்வாக வந்து உடையும் அலைதான் அதைத் தள்ளுகிறது. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்புகள் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கின்றன. தெற்கே மணல் குவிந்து வாசலையும் அடைக்கிறது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் வரை கரை அரிபட்டு, தென்னைகள் விழுந்துவிட்டன. அங்கே கடல் மணலை முன்புபோலவே எடுக்கிறது, பதிலுக்கு வரவேண்டிய மணல்தான் வருவதில்லை. கரைவலைக்காரருக்கு இது சூத்திரம் இல்லாமலே தெரியும். வருசத்துக்கு எத்தனை கனமீட்டர், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்று கேட்கும்போதுதான் நம் வேலை தொடங்குகிறது.

ஆய்வுகூடத்திலும் மணல்தான் ஆளை மடக்கும். தொட்டியில் மாதிரி செய்ய ஒரு துறைமுகத்தை 36இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நேரம் 6இல் ஒரு பங்காகும் (36இன் வர்க்கமூலம்); 9 விநாடி அலை தொட்டியில் 1.5 விநாடி அலையாக வரும். அதுவரை எல்லாம் அழகாக ஒத்துவரும். மணலையும் அதே அளவுக்குச் சிறுத்தால் அது மணலாகவே இராது, சேறாகிவிடும். இதைச் சமாளிப்பதற்கென்றே ஒரு பெரிய படிப்பு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

தூண்களில் விழும் அலை விசை, கட்டமைப்பு எல்லாம் சிவில் படித்த உனக்குச் சிரமம் தராது. நிகழ்தகவையும், குழம்பிய அலையை எளிய அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணிதத்தையும் மட்டும் இப்பவே தூசு தட்டிவை. கடலில் ஒரே அலை இரண்டு தரம் வராது. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியை எடுத்துத்தான் பேசுவோம்.

அப்புறம், ஆய்வுக்கு வடகடல் தரவை எடுத்துக்கொள்வது சுலபம், அங்கே அளவீடு குவிந்து கிடக்கிறது. எந்த நீள அலையில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடம்தான் அலைநிறமாலை; நாம் படிக்கும் ஜான்ஸ்வாப் நிறமாலையே அங்கே அளந்து எழுதியது, அதற்கு ஒரே உச்சிதான். நம் கரைக்கோ தெற்குச் சமுத்திரத்திலிருந்து வரும் நீண்ட அலையும், வாடைக்காற்று எழுப்பும் குட்டை அலையும் ஒன்றாக வருகின்றன. இதை நம்மில் ஒருவன் உட்கார்ந்து அளக்க வேண்டும் மச்சான். அதை நீ செய்ய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

படிக்க இடம் கிடைக்கும்வரை காத்திருக்காதே. மட்டம் பார்க்கும் லெவல் கருவி உன் கையில் இருக்கிறது. துறைமுகத்துக்கு வடக்கே ஓர் இடத்தைக் குறித்து, மாதம் ஒரு தரம் கரையின் சரிவை அளந்து எழுது. வாடை தொடங்க முன் ஆரம்பித்தால் நல்லது. முதல் நாள் நானும் வருகிறேன், ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்க ஆள் வேண்டுமே. எந்த ஞாயிறு சரிவரும் என்று எழுது. மாமியிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்