ஓடிப்போனவளா, பிரிந்து சென்றவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கம் ஒன்றில் 'இரண்டு பிள்ளைகளைத் தவிக்கவிட்டுத் தாய் மாயம்' என்ற தலைப்பில் எட்டு வரிச் செய்தி ஒன்று வெளியாகியிருந்தது. மாயமெல்லாம் தலைப்போடு சரி. அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்பது ஆறாவது வரியிலேயே இருந்தது. பிள்ளைகள் இருவரும் தந்தையுடனும் பாட்டியுடனும் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்றது ஏழாவது வரி. செய்தியை எழுதிய நிருபரைக் குறைகூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவருக்கு வழங்கி வந்த சொற்களை அவர் பயன்படுத்தினார், அவ்வளவே. என்னுடைய ஒன்பதாம் வயதில் என் தாயாரும் இப்படித்தான் எங்களை அப்பாவிடம் விட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியேறினார். அதனால் அந்தச் சொற்கள் ஒரு பிள்ளையின் காதில் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குடும்பத்தை விட்டு ஓர் ஆண் தனியே போய்விட்டால் அவர் 'பிரிந்து வாழ்கிறார்' என்று எழுதுகிறோம். அதே காரியத்தை ஒரு பெண் செய்தால் அவள் 'ஓடிப்போனாள்'. இடையில் 'ஆர்' விகுதி 'ஆள்' விகுதியாக இறங்கிவிடுவது பிழைதிருத்துபவரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. 'ஓடுகாலி' என்ற சொல்லில் ஆண்பால் பெண்பால் காட்டும் விகுதி எதுவும் இல்லை. ஆயினும் அச்சொல்லால் ஓர் ஆணை யாரும் வைததை நான் இன்றுவரை கேட்டதில்லை. பிறந்த குழந்தையான சகுந்தலையை மாலினி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு மேனகை தேவலோகம் திரும்பினாள் என்பதைக் கதை சொல்லும் எவரும் மறப்பதில்லை. குழந்தையின் தந்தையான விசுவாமித்திரர் அந்நேரம் எங்கிருந்தார் என்று கதை கேட்கும் பிள்ளைகூடக் கேட்பதில்லை. என் தாயார் உயிருடன், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்த ஆண்டுகள் முழுவதும் உறவினர்கள் என்னையும் என் தம்பியையும் 'தாயில்லாப் பிள்ளைகள்' என்றே மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதில் அன்புதான் இருந்தது. என்றாலும் உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கும் சொல் அது என்பதை ஒன்பது வயதிலேயே நான் உணர்ந்திருந்தேன்.

இரண்டு வேறுபட்ட செயல்களை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவதுதான் இத்தகைய செய்திகளின் பெரிய குறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு குழந்தையைத் தனியே விட்டுச் செல்வதும், அடித்துத் துன்புறுத்துபவர் என்று தெரிந்தே ஒருவரிடம் விட்டுச் செல்வதும் குற்றம். தாய் செய்தாலும் தந்தை செய்தாலும் அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. பெற்றோரில் ஒருவர் வெளியேற, மற்றவருடைய பராமரிப்பில் பிள்ளைகள் அதே வீட்டில் அதே பள்ளியில் தொடர்வது முற்றிலும் வேறு. இந்த இரண்டாவதை ஆண் செய்யும்போது அதற்கு ஒரு பெயர்கூட இல்லாத அளவுக்கு அது சாதாரணமாக நிகழ்கிறது. பெண் செய்யும்போது மட்டும் அது முதல் வகையோடு சேர்த்துக் 'கைவிடுதல்' ஆகிவிடுகிறது.

அப்படியானாலும் பிள்ளைகளை உடன் அழைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பார்கள். என் அத்தை இதைக் கேட்டார். நானும் பல ஆண்டுகள் மனத்துக்குள் கேட்டேன். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ ஒரு வீட்டை விட்டு இறங்கும் பெண்ணுக்கு, அடுத்த இரவு எங்கே படுப்பது என்பதே தெரிந்திருப்பதில்லை. தோழி ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில் ஒருவர் படுக்கலாம், மூவர் படுக்க முடியாது. வன்முறைக்கு அஞ்சி வருவோருக்கான காப்பகங்களில் பல, குறிப்பிட்ட வயதைக் கடந்த ஆண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. பதின்மூன்று வயது மகனை வெளியே நிறுத்திவிட்டு மகளோடு மட்டும் உள்ளே போவதா என்ற கேள்விக்கு எந்தத் தாயிடமும் நல்ல விடை இருக்க முடியாது. தேர்வு நெருங்கியிருக்கலாம், அடி தன்மேல் மட்டுமே விழுகிறது, பிள்ளைகள்மேல் விழவில்லை என்ற கணக்கு இருக்கலாம், சம்பளம் என்று சொல்ல ஒன்று கையில் இல்லாமல் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பத்து நாளில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலான தாய்மார்கள் பிள்ளைகளை நிரந்தரமாக விட்டுச் செல்வதாக எண்ணி வாசற்படி இறங்குவதில்லை என்று நான் நினைக்கிறேன். என் தாயார் ஒரு மாற்றுப் புடவையும் என் பள்ளி மதிப்பெண் அட்டையும் மட்டும் எடுத்துச் சென்றார். அட்டையில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும் என்பது அவர் நினைவில் இருந்திருக்கிறது.

அந்தப் பத்து நாள்தான் பின்னர் அவர்களுக்கு எதிராக நிற்கிறது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்யும் நீதிமன்றங்கள் பல நாடுகளிலும், பிள்ளை இப்போது இருக்கும் வீட்டையும் பழகிய பள்ளியையும் தக்க காரணமின்றிக் கலைக்கத் தயங்குகின்றன. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் பத்து நாள் பத்து வாரமாகி, பத்து வாரம் ஓராண்டாகி வழக்கு விசாரணைக்கு வரும்போது, தாய் அறை தேடி அலைந்த காலம் முழுவதும் தந்தையின் வீடு 'பழகிய இடம்' என்ற தகுதியைப் பெற்றுவிடுகிறது. அஞ்சி ஓடிய முதல் இரவிலேயே வழக்கறிஞரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்?

எல்லோரும் அஞ்சித்தான் ஓடினார்கள் என்றும் நான் வாதிட மாட்டேன். வேறொருவரை விரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ போனவர்கள் இருக்கிறார்கள். தாயாக இருப்பதைத் தாங்க முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் ஏற்படுகிறது. அந்த நிலையில் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறினால் அவருக்கு வேண்டியது மருத்துவர். என் தாயார் இவற்றுள் எந்த வகை என்பதை, இருவரும் உயிரோடு இருக்கையில் ஒருவரின் மகளாக நின்று நாளிதழில் எழுதுவது முறையன்று. காரணம் எதுவாயினும் பிள்ளைகளின் தேவை ஒன்றுதான் என்பதால் அது இங்கே அவசியமும் இல்லை.

பிள்ளைகளின்றிப் போவது எப்போதும் தாயின் விருப்பமாக இருந்ததும் இல்லை. இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களையும் 1836-இல் அவருடைய கணவர் அவர் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றைய சட்டம் பிள்ளைகள்மீது முழு உரிமையையும் தந்தைக்கே தந்திருந்ததால் அவரால் எந்தக் கதவையும் தட்ட முடியவில்லை. அவர் விடாமல் எழுதியதன் விளைவாக 1839-இல் வந்த சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் தருமாறு தாய் விண்ணப்பிக்கலாம் என்றது. கூடா ஒழுக்கம் நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அந்த உரிமையும் இல்லை. தந்தைக்கு அப்படி ஒரு நிபந்தனை விதிக்க யாருக்கும் தோன்றவில்லை. 1842-இல் அவருடைய இளைய மகன் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது தகவல் சொல்லி அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்வதற்குள் சிறுவன் இறந்துவிட்டான்.

தாய் பிள்ளைகளை விட்டுப் போவதை மேடையில்கூடப் பார்க்கச் சகிக்காத காலம் அது. 1879-இல் நார்வே நாடகாசிரியர் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் இறுதியில் நோரா மூன்று பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் அந்தப் பாத்திரத்தை ஏற்கவிருந்த நடிகை, தாம் ஒருபோதும் தம் பிள்ளைகளை விட்டுப் போக மாட்டோம் என்று கூறி அந்த முடிவில் நடிக்க மறுத்துவிட்டார். வேறு வழியின்றி, பிள்ளைகள் உறங்கும் அறையின் வாசலில் நோரா தளர்ந்து விழுந்து வீட்டிலேயே தங்கிவிடுவதாக ஒரு மாற்று முடிவை இப்சனே எழுதிக் கொடுத்தார். பின்னர் அதைத் தம் நாடகத்தின்மீது நடந்த காட்டுமிராண்டித்தனம் என்றார்.

தாய் போய்விட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்பதற்கு அறிவியலைச் சாட்சிக்கு இழுப்போர் பெரும்பாலும் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியைத்தான் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் 1951-இல் அளித்த அறிக்கை, இளம் குழந்தைக்குத் தாயோடு அன்பும் நெருக்கமும் உள்ள இடையறாத உறவு வேண்டும் என்றது உண்மை. அதே வாக்கியத்தில் தாய் என்ற சொல்லை அடுத்து, 'அல்லது தாயின் இடத்தில் நிரந்தரமாக இருப்பவரோடு' என்று அடைப்புக்குறிக்குள் அவர் சேர்த்திருந்தார். அந்த அடைப்புக்குறியை எழுபது ஆண்டுகளாக அனைவரும் தாண்டிக்கொண்டே போகிறோம். அவர் ஆராய்ந்தவர்களில் பெரும்பகுதியினர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் எவருடைய மடியும் நிலையாகக் கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1972-இல் மைக்கேல் ரட்டர் என்ற குழந்தை மனநல மருத்துவர் இந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்தபோது, பிரிவு என்ற ஒரு சொல்லுக்குள் பல வேறு அனுபவங்கள் அடைக்கப்பட்டிருப்பதைப் பிரித்துக் காட்டினார். பெற்றோரைப் பிரிந்திருந்தது என்பதைவிட, பிரிவுக்கு முன்னும் பின்னும் வீட்டில் ஓயாமல் நடந்த சண்டையே பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகளோடு நெருங்கிய தொடர்புடையதாக அவருக்குத் தெரிந்தது. சமையலறைச் சுவருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த எவருக்கும் இதைச் சொல்ல ஆய்வு தேவைப்படாது.

ஆசிரியர் அவர்களே, என்னைப் பொறுத்தவரை தாயார் போனதைவிட, போன பிறகு நடந்ததுதான் நெடுங்காலம் வலித்தது. போன முதல் மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் அவர் என் பள்ளி வாசலுக்கு வந்தார். தம்பியையும் என்னையும் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டுவிட்டுப் போனார். நான்காவது வெள்ளி வரவில்லை. ஐந்தாவதும் வரவில்லை. பிறகு நான் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வீட்டுப் பெரியவர்கள் பள்ளியில் சொல்லிவைத்ததையும், காவலாளி தெருமுனையிலேயே அவரைத் திருப்பி அனுப்பியதையும், அவர் அந்த ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்ததையும் என் இருபத்து மூன்றாம் வயதில்தான் அறிந்தேன். அம்மாவாகவே வருவதை நிறுத்திக்கொண்டார் என்று பதினான்கு ஆண்டுகள் நம்பியிருந்தேன். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; பிள்ளைகள் ஒருவழியாக மறந்துவிட்டால் நல்லது என்று எண்ணினார்கள். ஆள் இறந்துவிட்டால் அழுது தீர்க்க ஒரு நாள் இருக்கிறது. ஆள் இருந்தும் இல்லாமல் போனால் அந்த நாள் வருவதே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார். படித்தபோது, எனக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயராவது இருக்கிறதே என்றிருந்தது.

1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தைக்கு, அதன் நலனுக்குப் பாதகமாக இருந்தாலன்றி, இருவரோடும் தவறாமல் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமையைக் குழந்தையின் உடைமையாக எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். போன தாய்க்குத் தண்டனை என்று நினைத்து நாம் அடைக்கும் கதவு, உண்மையில் பிள்ளைக்குச் சொந்தமானது.

தந்தையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மற்றவரைப் பிரிந்து பிள்ளையைத் தம்மிடம் வைத்திருக்கும் பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தந்தை. என் அப்பா எங்களை நன்றாகவே வளர்த்தார். தலை பின்னத் தெரியாமல் முதல் மாதம் பட்ட பாடு தவிர எதிலும் குறை வைக்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போதே எங்களைத் 'தவிக்கும் பிள்ளைகள்' என்று பிறர் பேசியது அவருக்கும் இழுக்குத்தான் என்பதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அப்படிப் பேசுவோர் வீட்டுக்கு எங்களை அழைத்துச் செல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். இத்தகைய செய்தி அடுத்த முறை மேசைக்கு வரும்போது, பிள்ளைகள் இப்போது யாருடைய பராமரிப்பில் இருக்கிறார்கள் என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். வெளியேறியவர் தந்தையாக இருந்தால் எந்த வினைச்சொல் விழுந்திருக்குமோ அதையே தாய்க்கும் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெயரையும் தெருவின் பெயரையும் விட்டுவிடச் சொல்லுங்கள். சென்ற வாரச் செய்தியில் இரண்டும் இருந்தன. மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பறைக்குள் நுழைந்திருப்பார்கள்.

இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் அம்மாவும் இருவருமே தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள், வெவ்வேறு வீடுகளில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி