தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர்களுக்கு: போன வாரம் உங்கள் வாசலுக்கு யார் வந்தார்கள்?

நண்பர்களே, வணக்கம்.

நான் தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இரண்டு பள்ளிக்கூடம், நாலு கடை தள்ளி மாடியில் ஒரு டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம். நெட்டில் எதையாவது தேடி எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் வேலையில் பாதி, அந்தப் பாதியில் பெரும்பகுதி நீங்கள் எழுதியவை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு கிடக்கும். யாருக்கு என்ன எடுத்தேன், எத்தனை பக்கம், எவ்வளவு காசு என்று கணக்குக்காகக் குறித்துக்கொண்டே வருவேன். போன மாதம் ஒரு நாள் மழை, கூட்டமில்லை, சும்மா உட்கார்ந்து அந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிப் பார்த்தபோதுதான் உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை இரண்டாவது வாரம் முழுக்க நோட்டில் ஒரே பெயர்தான், காமராசர். ஜூலை 15 அவர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. "அண்ணே, காமராசர் ரெண்டு பக்கம் போதும்ணே" என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முதல் நாள் பிரிண்ட் வாங்கிப் போனவள், மறுநாள் படம் ஒட்டுவதற்காகத் திரும்ப வந்தாள். பேச்சை எழுதி வைத்திருந்த நோட்டை என்னிடம் காட்டி, படித்தும் காட்டினாள். "1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் தமிழகத்தின் முதலமைச்சர் ஆனார் மூன்று" என்று படித்தாள். என்னம்மா மூன்று என்று எட்டிப் பார்த்தால், வாக்கிய முடிவில் நீங்கள் மேற்கோளுக்குப் போட்ட சதுர அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்த எண்ணையும் அப்படியே அழகாக எழுதியிருந்தாள். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்தத் தாளில் இருந்த ஒரு புள்ளியைக்கூட அவள் சந்தேகப்படவில்லை. நீங்கள் எழுதியதை இப்படி எழுத்தெண்ணிப் படிக்கிற வாசகர் இவர்கள்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் நோட்டு மாதிரியே உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, என்னுடையதைவிடப் பல மடங்கு பெரியது. எந்தப் பக்கத்தை எந்த நாளில் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. 2015 ஜூலையிலிருந்து நாள்வாரியாகக் கிடைக்கிறது, தமிழுக்கும் உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்குகூட தொடங்க வேண்டாம். காமராசர் பக்கத்தைப் போட்டுப் பார்த்தால் ஆண்டு முழுக்கத் தரையோடு போகிற கோடு ஜூலை நடுவில் குன்று மாதிரி எழும்பி நிற்கும். பாரதியாருக்கு செப்டம்பரிலும் டிசம்பரிலும். என் நோட்டும் அதையேதான் சொல்கிறது.

ஆங்கில விக்கியில் இதை ஒரு வழக்கமாகவே செய்கிறார்கள். 2013லிருந்து, ஞாயிறு முதல் சனி வரை ஒரு வாரம் என்று கணக்கு வைத்து, அந்த வாரம் அதிகம் பேர் படித்த 25 கட்டுரைகளைப் பட்டியல் போடுகிறார்கள். வெறும் எண் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்த வாரம் இவ்வளவு பேர் வந்தார்கள் என்று தன்னார்வலர்கள் நாலு வரி எழுதுகிறார்கள். யாரோ இறந்திருப்பார், ஒரு படம் வந்திருக்கும், ஒரு தேர்தல், ஒரு விளையாட்டு. அந்த நாலு வரிகளைத் தொடர்ந்து படித்தாலே உலகத்தில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். 2023ல் ஆங்கில விக்கியில் முதலிடம் சாட்ஜிபிடி, ஏறக்குறைய 4.9 கோடி பார்வைகள். இரண்டாவது, அந்த ஆண்டு இறந்தவர்களின் பட்டியல். மூன்றாவது எது தெரியுமா, 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை, 3.8 கோடி. நான்காவது ஐபிஎல். அமெரிக்காவில் உட்கார்ந்து ஐபிஎல் புள்ளிப்பட்டியல் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம், ஆனால் அந்தக் கோடிகளில் பெரும்பங்கு நம் பக்கத்து ஆட்கள்தான் என்று சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். நம் ஆட்கள் கலைக்களஞ்சியம் படிக்காதவர்கள் இல்லை. கையில் போன் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, தேடிப் போகிறார்கள். தமிழில் தேடும்போது அவர்கள் கைக்கு என்ன வருகிறது என்பதுதான் என் கவலை.

நீங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சம்பளம் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். 2003ல் விரல்விட்டு எண்ணும் சிலர் தொடங்கியது. அதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் புதிய கட்டுரை தொடங்குவதில் இருக்கிற வேகம் பழைய கட்டுரையைத் திரும்பிப் பார்ப்பதில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஒரு லட்சத்து எழுபதாயிரமாவது கட்டுரை ஒரு தொலைதூர நட்சத்திரத்தைப் பற்றியது என்றால், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த வாரம் ஆயிரக்கணக்கான பேர் திறந்த பக்கம் எது, அதன் முதல் பத்தி எப்படி இருக்கிறது என்று யாராவது ஒருவர் பார்த்தாரா? இந்தக் கேள்வியை வாரா வாரம் திங்கட்கிழமை உங்களில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டால் போதும், அவ்வளவுதான் நான் கேட்பது.

பட்டியலை நம்பலாமா என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. எண்கள் எப்போதும் ஆட்கள் இல்லை. 2021 பிப்ரவரியில் வெளியே வந்த ஒரு சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். விக்கிமீடியாவின் ஒரு தரவு மையத்துக்கு வந்த படக் கோரிக்கைகளில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு பூவின் படத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாளைக்கு சுமார் 9 கோடி தடவை. ஊதா நிறத்தில் ஆஸ்டர் பூ. அத்தனையும் இந்தியாவிலிருந்து. இந்திய மக்களுக்கு அந்தப் பூ மேல் திடீர்க் காதல் எதுவும் வரவில்லை, கைபேசிச் செயலி ஒன்று திறக்கும்போதெல்லாம் யார் கண்ணிலும் காட்டாமல் அந்தப் படத்தை இழுத்துக்கொண்டிருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆங்கிலப் பட்டியல் போடுபவர்களும் இதில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் பார்வைகளில் கைபேசியிலிருந்து வந்தது மிக மிகக் குறைவாகவோ, இல்லை கிட்டத்தட்ட அத்தனையுமாகவோ இருந்தால், இது மனிதர் படித்ததாகத் தெரியவில்லை என்று அதை எடுத்துவிடுகிறார்கள். அதே கண்ணோடு தமிழ்ப் பட்டியலையும் சலித்துப் பார்க்கலாம். சலித்தாலும் நிறைய மிஞ்சும்.

இன்னொரு தயக்கமும் உங்களில் மூத்தவர்களுக்கு இருக்கும், அது எனக்குப் புரிகிறது. 2009 வாக்கில் கூகுள் ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்து ஏற்றியபோது, தலைப்புகளைத் தேர்ந்ததே எதை அதிகம் தேடுகிறார்கள் என்று பார்த்துத்தான். கடைசியில் என்ன வந்தது? அமெரிக்கப் பாடகர்கள், மருந்துப் பெயர்கள், வாயில் நுழையாத வாக்கியங்கள். நீங்கள் எதிர்த்தீர்கள். 2010ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா என்ற விக்கி மாநாட்டில் போய் குறைகளை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார் உங்களில் ஒருவர். அது சரியான எதிர்ப்பு. ஆனால் அங்கே தவறு பட்டியல் என்ற யோசனையில் இல்லை, யாருடைய பட்டியல் என்பதில் இருந்தது. ஆங்கிலத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துத் தமிழில் எழுத வைத்தார்கள். நான் சொல்வது தமிழில் தேடி, தமிழ்ப் பக்கத்துக்கே வந்து, தமிழிலேயே படித்துவிட்டுப் போனவர்களின் பட்டியல்.

இதில் முக்கியமாக ஒன்று கவனித்தேன். ஆங்கிலப் பட்டியலில் பாதி திடீர் நிகழ்வுகள், யார் எப்போது இறப்பார் என்று யாருக்கும் தெரியாது. 2009ல் மைக்கேல் ஜாக்சன் இறந்த அன்று அந்த ஒரு கட்டுரைக்கு வந்த கூட்டத்தில் விக்கியின் சர்வர்களே திணறின, அதன் பிறகுதான் அதைத் தாங்குவதற்கென்றே தனி ஏற்பாடு செய்தார்கள். நமக்கும் அப்படி வாரங்கள் உண்டு. 2020 செப்டம்பர் 25 எஸ்.பி.பி. போன நாள், 2023 டிசம்பர் 28 விஜயகாந்த். 2024 டிசம்பர் 12 சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சதுரங்க வாகையாளர் ஆன மறுநாள் என் கடையில் பிள்ளைகள் கேட்டது குகேஷை மட்டுமில்லை, டிங் லிரன் யார், பதினாலு ஆட்டம் ஏன் ஆடினார்கள், ஏழரைக்கு ஆறரை என்றால் அரை எப்படி வந்தது, ஆனந்த் எத்தனை முறை ஜெயித்தார், இதையெல்லாம் கேட்டார்கள். ஒரு கட்டுரைக்குக் கூட்டம் வந்தால் அதன் பக்கத்து வீட்டுக் கட்டுரைகளுக்கும் வரும்.

ஆனால் தமிழ் வாசகர்களின் வாரங்களில் பெரும்பாலானவை திடீரென்று வருவதில்லை! காலண்டரில் அச்சடித்துத் தொங்குகிறது. பிப்ரவரி 28 அறிவியல் நாள் என்றால் சி.வி. ராமன். ஏப்ரல் 14 அம்பேத்கர். செப்டம்பர் 5க்கு ராதாகிருஷ்ணனோடு வ.உ.சி.யும் சேர்த்து, ஏனென்றால் அவர் பிறந்ததும் அதே தேதி. செப்டம்பர் 15 அண்ணா, 17 பெரியார். ஆகஸ்ட் பிறந்ததும் வேலு நாச்சியார், கொடிகாத்த குமரன், தில்லையாடி வள்ளியம்மை. குரூப் 4 தேர்வுக்கு முந்தைய பத்து நாள் மாடியிலிருந்து பயிற்சி மையத்துப் பிள்ளைகள் இறங்கி வருவார்கள், அவர்களுக்கு எட்டுத்தொகை வேண்டும், பதினெண்கீழ்க்கணக்கு வேண்டும். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி. இந்த இரண்டு சொல்லில் மார்க் போய்விடும் அவர்களுக்கு. ஒரு நாளைக்கு முன்னூறு ரூபாய் கூலியை விட்டுவிட்டுப் படிக்க வந்திருக்கிற அக்கா ஒருவர், இரண்டு பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொகுத்தவர் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்ப்பதை நின்று பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், கூட்டம் வந்த பிறகு மட்டும் இல்லை, வருவதற்கு முன்னாலேயே பாருங்கள். போன ஆண்டு ஜூலை இரண்டாம் வாரப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது, இந்த ஆண்டும் கிட்டத்தட்ட அதேதான் வரும். ஜூன் கடைசியில் காமராசர் கட்டுரையை ஒருவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தால் போதும். முதல் பத்தியில் பிறப்பு, ஆட்சிக்காலம், செய்த வேலை தெளிவாக இருக்கிறதா? 1954லிருந்து 1963 வரை முதல்வர் என்பதும் மதிய உணவும் பிள்ளை தேடாமலே கண்ணில் படுகிறதா? பின்னால் யாரோ ஆர்வத்தில் சேர்த்த வரிக்குச் சான்று இருக்கிறதா? வாக்கியம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் புரிகிறதா? (சூலையா ஜூலையா என்ற விவாதம் உங்களுக்குள் நெடுநாளாக நடப்பது தெரியும், அதற்குள் நான் போகவில்லை. பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், நான் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.)

பட்டியலால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. இல்லாத கட்டுரையைத் தேடி வந்து வெறுங்கையோடு போனவர் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார். என் நோட்டிலும் அப்படித்தான், பிரிண்ட் எடுத்தால்தான் கணக்கு, இல்லை என்று திருப்பி அனுப்பியதற்குக் காசு இல்லை, அதனால் குறிப்பும் இல்லை. போன மாதத்திலிருந்து அதையும் எழுத ஆரம்பித்திருக்கிறேன், கடைசிப் பக்கத்தில். இதுவரை இருப்பதில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள், ஒரு நோயின் பெயர், இரண்டு டிப்ளமோ படிப்பு, ஏலக்காய்ச் செடிக்கு வரும் ஒரு நோய். மலைத்தோட்டத்துக்குப் போகிற பெரியவர் ஒருவர் கேட்டது அது. அவருக்கு ஆங்கிலப் பக்கத்தை எடுத்துக் கொடுத்து என்ன பயன்?

நான் உங்களில் ஒருவன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் செய்ததில்லை. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்துவேன். வாரப் பட்டியலை எடுத்துப் போடும் வேலைக்கு ஆள் இல்லை என்றால் திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் அதை நான் செய்து தருகிறேன், பத்து மணி வரை கூட்டம் இருக்காது. கட்டுரையைச் சீர்ப்படுத்துவது உங்களுக்குத்தான் வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பத் தயார்.

இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். குமரனைக் கேட்டு இன்று மூன்று பேர் வந்தார்கள். சென்னிமலையில் பிறந்தவர், 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியைப் பிடித்தபடி அடிவாங்கி இறந்தவர் என்பது வரை அவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். மேற்கொண்டு என்ன இருக்கிறது என்றுதான் வந்தார்கள். நாளைக்கு இன்னும் நிறையப் பேர் வருவார்கள், 15ஆம் தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
தேனிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன்