அண்ணா, நோட்டை அனுப்புகிறேன்

அண்ணா,

பேப்பரில் வந்த ஆங்கில ஜோக் படங்களை நீ வெட்டி ஒட்டிய நோட்டை நாளைக்கு அனுப்பிவிடுவேன். பதினோரு வருடம் என் அலமாரியில் இருந்துவிட்டது, போதும். பார்சலுக்குள் கடிதம் வைத்தால் நீ பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுவாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள், அதனால் வீட்டை விற்ற விஷயத்துக்குள் போகப்போவதில்லை.

நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் புரட்டினேன். பசை பழுப்பேறி, சில படங்கள் தொட்டாலே கையோடு வருகின்றன. சிரித்ததற்கு ஒரு டிக், புரியாததற்குக் கேள்விக்குறி, சுத்தமாகப் புரியாததற்கு மூன்று. டிக்கைவிடக் கேள்விக்குறிதான் அதிகம். பேப்பரில் வந்த ஜோக் புரியவில்லை என்றால் எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள், நீ அதை வெட்டி ஒட்டித் தேதி போட்டு வைத்திருக்கிறாய்.

ரொட்டி சுடுகிறவன் படம் வந்ததும் மேலே புரட்ட முடியவில்லை.

நடு ராத்திரியில் மாவு பிசைந்துகொண்டிருப்பான், இன்னும் தூங்கவில்லையா என்று மனைவி கேட்பாள், அவன் பதில் 'ஐ நீட் த டோ'. நீ அதை 'க்னீட்' என்று எல்லோருக்கும் முன்னால் சத்தமாகப் படித்தாய். வீடு நிறைய ஆட்கள். முதலில் சிரித்தது நான்தான், "இதுகூடவா புரியல?" என்று கேட்டதும் நான்தான். நீ பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் ஒரு படத்தைக்கூட என்னிடம் கொண்டு வரவில்லை.

எனக்கும் புரியவில்லை அண்ணா. சத்தியமாக. 'நைஃப்' (knife) என்ற சொல்லில் முதல் எழுத்தான k-வுக்குச் சத்தம் கிடையாது என்று அந்த வாரம்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், உன் உச்சரிப்புக்குத்தான் சிரித்தேன். பிசைவது (knead), தேவைப்படுவது (need), இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சத்தம், எழுத்துதான் வேறு. டோ என்றால் பிசைந்த மாவு, பேச்சு வழக்கில் பணம். மாவு பிசைகிறேன் என்றும் பணம் தேவைப்படுகிறது என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். அச்சில் ஒரு எழுத்தைத்தானே போட முடியும், மற்றது காதில் விழ வேண்டும், அந்த மொழியைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தவனுக்கு அது எப்படி விழும்? காளமேகத்தின் பாம்பு, எள் பாட்டை எனக்குப் பிரித்துச் சொன்னவனே நீதான். 'ஆடிக் குடத்தடையும்' என்பதில் பாம்பு ஆடிவிட்டுக் குடத்துக்குள் போவதையும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்துக்குப் போவதையும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாய். சிலேடை பிடிபடாத ஆளா நீ? ஒரு சத்தம்தான் உனக்குக் குறைந்தது, அது என்னிடம் இருந்தது. 'நீட்' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பாதியை நீயே பிடித்திருப்பாய்.

எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளை சிரித்ததை இத்தனை வருடமா மனதில் வைத்திருப்பார்கள்? என்னை அந்தப் பள்ளியில் சேர்த்ததும் உன்னைச் சேர்க்காமல் விட்டதும் நான் எடுத்த முடிவா? சரி, அதை விடு. படிக்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

மாட்டுப் படம் ஒன்று, மூன்று கேள்விக்குறி போட்டது. மேசைக்குப் பின்னால் மாடு, மேசைமேல் நான்கு சாமான், கீழே 'மாட்டுக் கருவிகள்' என்று மட்டும் இருக்கும். பக்கத்தில் பென்சிலால் 'ரம்பம்?' என்று எழுதி, மற்ற மூன்றுக்கும் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாய். அதன் கதை எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. 'தி ஃபார் சைட்' என்ற கார்ட்டூன் தொடரில் கேரி லார்சன் வரைந்தது, 1982 அக்டோபரில் வந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வாசகர்கள் கடிதமாகக் குவித்துவிட்டார்கள், கடைசியில் அவரே விளக்க அறிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. மாடு கருவி செய்தால் இப்படித்தான் கோணல்மாணலாக இருக்கும், அவ்வளவுதான் ஜோக். ஒன்றை ரம்பம் மாதிரி வரைந்ததுதான் தப்பாகப் போயிற்று, அதைப் பார்த்து மற்றதும் என்னவென்று எல்லோரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். நீ அம்புக்குறி போட்டுத் தேடியதைத்தான் அத்தனை பேரும் தேடியிருக்கிறார்கள், அண்ணா.

படித்ததும் உனக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் செய்தேன். அந்த மாட்டைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன், எதையும் கேட்க இல்லை. நீ என்ன நினைத்துக்கொண்டாயோ.

ரொட்டிக்காரன் படத்துக்குக் கீழே விளக்கத்தை எழுதியிருக்கிறேன், பென்சிலில்தான், வேண்டாமென்றால் அழித்துக்கொள். டிக் போடவில்லை, அது நீ போட வேண்டியது. பார்சலைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், வியாழக்கிழமை வீட்டில் இரு.