வீட்டுல இருந்தும் எங்க ஃபைல தொறக்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் எம்.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன், வீடு தென்காசி பக்கம் ஒரு கிராமம், காலேஜுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. எங்க லேப் சர்வர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஹோம் ஃபோல்டர் உண்டு, அதுக்குள்ள பப்ளிக் எச்டிஎம்எல்னு இன்னொரு ஃபோல்டர், அதுல போட்டா நம்ம பேர்ல ஒரு வெப் பேஜா வரும். நல்ல வசதிதான். ஆனா கேம்பஸ் நெட்வொர்க்க விட்டு வெளிய வந்துட்டா எதுவும் தொறக்காது. நாலேகாலுக்கு காலேஜ் பஸ் கிளம்பிடும், ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ராத்திரி வைஃபைல அதே ஃபைல எடுத்து வேலைய முடிச்சிடுறாங்க, எங்கள மாதிரி டே ஸ்காலருங்க எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டு ஓடணும், ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மறுநாள் வரைக்கும் கைய கட்டிக்கிட்டு உக்காரணும், வெள்ளிக்கிழமை விட்டுப்போச்சுன்னா திங்கக்கிழமைதான். போன செமஸ்டர்ல லேப் சிஸ்டத்துல இருந்து ஷார்ட்கட் வைரஸ் ஏறி பென்டிரைவே தொறக்கல, வீட்டுல கிடந்த பழைய ரிப்போர்ட்டத்தான் பிரின்ட் எடுத்து குடுத்தேன். மார்க் போச்சு.

கூகுள் டிரைவ், கிட்ஹப்லாம் இருக்கேம்மான்னு கேப்பாங்க. ஃபைல வெக்கலாம், சரி. ஆனா எங்க ப்ராஜெக்ட் பிஎச்பிங்கிற மொழில எழுதினது, சர்வர்லதான் ஓடும், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், கிட்ஹப்போட வெப் பேஜ் வசதியான கிட்ஹப் பேஜஸ்ல பிஎச்பி ஓடாது, ஓடுற இடம் அந்த லேப் சர்வர் ஒண்ணுதான். என் கிளாஸ்மேட் ஒருத்தி இன்டர்வியூல ப்ராஜெக்ட் லிங்க் கேட்டாங்கன்னு லேப்ல தினமும் பாக்குற அட்ரஸ அப்படியே குடுத்துட்டா. அது 10-ல ஆரம்பிக்கிற உள் நெட்வொர்க் அட்ரஸ், வெளிய எங்கயும் போகாது. அவங்க பக்கம் ஒண்ணுமே வரல, ரெண்டு மாசம் ராத்திரி பகலா செஞ்ச வேலைய அவளால காட்ட முடியல. ஐஐடி பாம்பே கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் சைட்ல இதே மாதிரி ஒவ்வொருத்தர் பேர்லயும், பேருக்கு முன்னாடி ~ போட்ட பக்கங்கள் எத்தனையோ இருக்கு, உலகத்துல எங்க இருந்தும் தொறக்குது.

ஏன் வெளிய விட மாட்டீங்கன்னு கேட்டா செக்யூரிட்டின்னு ஒரே பதில். பயம் நியாயம்தான், ஃபைல ஏத்தி இறக்குற பழைய முறையான எஃப்டிபில பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தா போகும், நடுவுல யார் வேணாலும் படிக்கலாம். ஆனா அதுக்கு மருந்து கண்டுபிடிச்சதே ஒரு யுனிவர்சிட்டிலதான். 1995-ல ஃபின்லாந்துல ஹெல்சின்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்ட திருடப்போயி, அங்க இருந்த டாட்டு இலோனென் எழுதினதுதான் எஸ்எஸ்எச், போறது எல்லாத்தையும் பூட்டி அனுப்புற முறை. இன்னைக்கு ஃபைல பாதுகாப்பா அனுப்புற எஸ்எஃப்டிபி அதுக்கு மேலதான் ஓடுது, அதுக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் சாஃப்ட்வேர் காசே இல்லாம கிடைக்குது. எஸ்எஸ்எச்சோட வாசலான 22-ம் நம்பர் போர்ட்ட சும்மா தொறந்து விட்டா பாஸ்வேர்டு ஊகிக்கிற தானியங்கி ப்ரோக்ராமுங்க வரும்தான், அதனாலதான் முன்னாடி ஒரு விபிஎன் (வெளிய இருந்து உள் நெட்வொர்க்குக்கு போற பூட்டின வழி) வெச்சு, பாஸ்வேர்டுக்கு பதிலா கீ, அதாவது நம்ம மெஷின்ல இருக்கிற ரகசிய சாவி ஃபைல், வெச்சு உள்ள விடுறாங்க. விபிஎன்னுக்கும் ஓப்பன்விபிஎன், வயர்கார்டுன்னு இலவசமாவே இருக்கு.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு. காந்திநகர்ல இருக்கிற, யுனிவர்சிட்டி லைப்ரரிகள இணைக்கிற இன்ஃப்லிப்நெட் மையத்தோட இன்ஃபெட்டுங்கிற லாகின் வசதி மூலமா எங்க லைப்ரரி ஜர்னல்ஸ நான் வீட்டுல இருந்தே காலேஜ் லாகின் போட்டு படிக்கிறேன். எவரோ எழுதின பேப்பர் எங்க ஊர்ல தொறக்குது, நான் எழுதின ப்ரோக்ராம் தொறக்கல.

காலேஜ் நிர்வாகங்கள்கிட்ட கேக்குறது இவ்ளோதான். ஸ்டூடன்ட் ஃபோல்டருக்கு ஒரு விபிஎன் குடுங்க, அது மொபைல்லயும் வேலை செய்யணும், ஏன்னா எங்கள்ல பாதி பேர் வீட்டுல லேப்டாப் கிடையாது. வெப் பேஜ வெளிய காட்டணுமான்னு ஸ்டூடன்ட்டே முடிவு பண்ணட்டும். டிசி வாங்குன அன்னிக்கே அக்கவுன்ட்ட அழிக்காம ஒரு ஆறு மாசமாவது விட்டு வைங்க, வேலை தேடுற நேரமே அதுதான்.

நான் இந்த ஜூன்ல முடிச்சு வெளிய போயிடுவேன், எனக்கு இனி பெருசா பயன்படாது. எங்க பஸ்ல ஃபர்ஸ்ட் இயர் மட்டும் பதினோரு பேர் வர்றாங்க, அவங்களுக்காவது சீக்கிரம் செஞ்சு குடுங்க.

இப்படிக்கு,
எம்.சி.ஏ. மாணவி,
தென்காசி மாவட்டம்.